கண்டுபிடித்தவர் மதுரைக்காரர், படம் அமெரிக்காவுடையது!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் சினிமாப் பாட்டிலும் கேம்ஸிலும் போய்விடும். இரண்டாவது மாதம், "இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதற்கு உருப்படியாக என்ன செய்யப் போகிறோம்?" என்ற கேள்வி வரும். டைப்பிங், டேலி, டிடிபி என்று வழக்கமான பதில்கள் இருக்கின்றன. அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள். நிலாவையும் செவ்வாயையும் வியாழனையும் ஆராயும் விண்கலங்களை உங்கள் வீட்டு மேஜையில் இருந்தபடியே பின்தொடரலாம். அதற்கான சாப்ட்வேர்கள் இலவசம். அந்த விண்கலங்கள் எடுத்து அனுப்பும் படங்களும் இலவசம்.

"அதெல்லாம் விஞ்ஞானிகள் சமாச்சாரம், நமக்கு எதற்கு?" என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் 2019-ல் நடந்த ஒரு விஷயத்தை நீங்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி

2019 செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் லேண்டர் நிலாவின் தென்பகுதியில் இறங்குவதைப் பார்க்க நாடே தூங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் தொடர்பு அறுந்து போனது. விக்ரம் எங்கே விழுந்தது, என்ன ஆனது என்று பொதுமக்களுக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் நாசா அனுப்பிய எல்ஆர்ஓ என்ற விண்கலம் 2009-ல் இருந்து நிலாவைச் சுற்றி வருகிறது. அது செப்டம்பர் 17 அன்று அந்தப் பகுதியைப் படம் எடுத்தது. ஒன்பது நாளில், செப்டம்பர் 26 அன்று, நாசா அந்தப் படத்தை இன்டர்நெட்டில் போட்டது. "நாங்கள் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. நீங்களும் தேடுங்கள்" என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அப்படித் தேடியவர்களில் ஒருவர் சண்முக சுப்பிரமணியன். மதுரையைச் சேர்ந்தவர். சென்னையில் வேலை பார்த்துவந்த மெக்கானிக்கல் இன்ஜினியர். விண்வெளி விஞ்ஞானி இல்லை. ஒரு லேப்டாப்பில் அதே இடத்தின் பழைய படம், இன்னொரு லேப்டாப்பில் புதிய படம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். பழைய படத்தில் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி புதிய படத்தில் இருந்தது. புள்ளி என்றால் நிஜமாகவே ஒரே ஒரு பிக்சல்தான். அந்தப் படத்தில் ஒரு பிக்சல் என்பது நிலாவின் தரையில் சுமார் 1.3 மீட்டர்.

அக்டோபர் தொடக்கத்தில் அவர் நாசாவுக்குத் தகவல் சொன்னார். எல்ஆர்ஓ கேமரா குழுவினர் பழைய படங்களோடு சரிபார்த்தார்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் கிடைத்த புதிய படங்களையும் ஆராய்ந்தார்கள். 2019 டிசம்பர் 2 அன்று, விக்ரம் மோதிய இடம் தெரிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். சண்முக சுப்பிரமணியன் காட்டிய துண்டு, மோதிய இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டரில் கிடந்தது. நாசா வெளியிட்ட படத்தில் அந்த இடத்துக்கு 'எஸ்' என்ற எழுத்தைப் போட்டார்கள். அது அவர் பெயரின் முதல் எழுத்து.

அவர் கையில் இருந்தது என்ன? லேப்டாப், இன்டர்நெட் இணைப்பு, இலவசமாகக் கிடைத்த படம், கொஞ்சம் பொறுமை. முதல் மூன்றும் இன்று உங்கள் வீட்டிலும் இருக்கின்றன.

என் கேள்வி இதுதான்

இந்தச் செய்தி வந்தபோது எல்லோரும் "மதுரைக்காரர் சாதனை" என்று பாராட்டினோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இன்னொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். இந்தியாவின் விண்கலம் விழுந்த இடத்தை ஓர் இந்தியர் ஏன் அமெரிக்காவின் படத்தில் தேட வேண்டி வந்தது?

நம்மிடம் கேமரா இல்லாமல் இல்லை. சந்திரயான்-2 ஆர்பிட்டரில் இருக்கும் ஓஹெச்ஆர்சி என்ற கேமரா, 100 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து கால் மீட்டர், அதாவது சுமார் ஒரு முழம் கூட இல்லாத பொருளையும் தனியாகக் காட்டக் கூடியது. எல்ஆர்ஓவின் கேமராவைவிடக் கூர்மையானது. விக்ரம் இருக்கும் இடத்தைத் தங்கள் ஆர்பிட்டர் முன்பே கண்டுபிடித்துவிட்டது என்று இஸ்ரோ 2019 செப்டம்பரிலேயே சொன்னது. அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்தப் படம் அப்போது பொதுமக்களுக்கு வரவில்லை. சந்திரயான்-2 அனுப்பிய தகவல்களின் முதல் பகுதி 2020 டிசம்பர் 24 அன்றுதான் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. ஒன்பது நாள் எங்கே, ஒரு வருடத்துக்கும் மேல் எங்கே!

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் போதுமான அளவு மாறவில்லை என்பதுதான் என் கருத்து. அதைச் சொல்வதற்கு முன், இன்று இலவசமாக என்னவெல்லாம் கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம். அப்போதுதான் எது குறைகிறது என்று உங்களுக்கே புரியும்.

இப்போதே நீங்கள் பார்க்கக் கூடியவை

முதலில் ஸ்டெல்லேரியம். இது வானத்தைக் காட்டும் சாப்ட்வேர். ஒருமுறை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் வேலை செய்யும். எஃப்6 கீயை அழுத்தினால் ஊரைத் தேர்ந்தெடுக்கும் விண்டோ வரும். அதில் மதுரையைத் தேர்ந்தெடுங்கள். இனி திரையில் தெரிவது மதுரையின் வானம். திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் வயல்வெளியில் நின்று பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான்.

ஒரு சின்னப் பயிற்சி செய்து பாருங்கள். தேதியை 2023 ஆகஸ்ட் 23 என்றும், நேரத்தை மாலை 6.04 என்றும் மாற்றுங்கள். சந்திரயான்-3 நிலாவில் இறங்கிய நேரம் அது. தெற்கு வானத்தில் ஏறத்தாழ அரை நிலா தெரியும். மவுஸ் வீலை உருட்டி நிலாவைப் பெரிதாக்குங்கள். ஒரு பாதி வெளிச்சம், மறுபாதி இருட்டு. லேண்டருக்கு மின்சாரம் கொடுப்பது சோலார் பேனல். நிலாவில் ஒரு பகல் என்பது நமக்குச் சுமார் 14 நாள். அந்தப் பகல் முழுவதும் கிடைக்க வேண்டும் என்றால், இறங்கும் இடத்தில் பொழுது விடியும் சமயமாகப் பார்த்து இறக்க வேண்டும். இஸ்ரோ ஏன் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தது என்பது டிவியில் ஒரு மணி நேரம் கேட்பதைவிட இந்த ஒரு திரையில் தெளிவாகப் புரிந்துவிடும்.

அடுத்தது செலஸ்டியா. 2001-ல் வெளிவந்த பழைய சாப்ட்வேர். ஸ்டெல்லேரியம் நம்மைத் தரையில் நிறுத்தி வானத்தைக் காட்டும். செலஸ்டியா நம்மையே விண்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போகும். என்டர் கீயை அழுத்தி, கிரகத்தின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து, மறுபடியும் என்டர் கொடுத்து, 'ஜி' கீயை அழுத்துங்கள். அந்தக் கிரகத்துக்கே பறந்து போவீர்கள். சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும்.

மூன்றாவது, நாசாவின் 'ஐஸ் ஆன் தி சோலார் சிஸ்டம்'. ஐஸ் என்றால் இங்கே கண்கள், பனிக்கட்டி இல்லை. ஒரு காலத்தில் இதைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்தது. இப்போது பிரவுசரிலேயே ஓடுகிறது. வியாழனைச் சுற்றும் ஜூனோ, சூரியக் காற்று பரவியிருக்கும் பகுதியின் எல்லை தாண்டிப் போன வாயேஜர் போன்றவை எங்கே இருக்கின்றன என்று முப்பரிமாணத்தில் காட்டும்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது டீப் ஸ்பேஸ் நெட்வொர்க்கின் நேரடிப் பக்கம். கலிபோர்னியா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களில் நாசாவுக்குப் பெரிய டிஷ் ஆன்டெனாக்கள் இருக்கின்றன. பூமி சுற்றும்போது ஏதாவது ஓர் இடமாவது விண்கலத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று இடங்கள். எந்த ஆன்டெனா இந்த நிமிடம் எந்த விண்கலத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதை அந்தப் பக்கத்தில் பார்க்கலாம். சிக்னல் போய் வர எத்தனை நேரம் ஆகிறது என்பதும் வரும்.

நான்காவது, எல்ஆர்ஓ குழுவினரின் குவிக்மேப். நிலாவுக்கு கூகுள் மேப் மாதிரி. இதுவும் பிரவுசரில் ஓடும். தெற்கு 70.88 டிகிரி, கிழக்கு 22.78 டிகிரி என்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். விக்ரம் மோதிய இடம் அதுதான்.

படங்களை ஒப்பிட ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேர் போதும். ஒரே இடத்தின் இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக லேயர்களாக வைத்து, மேல் லேயரை 'டிஃபரன்ஸ்' என்று மாற்றினால், இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது கறுப்பாகிவிடும். மாறியது மட்டும் தெரியும். ஆனால் ஓர் எச்சரிக்கை. சூரிய வெளிச்சம் விழும் கோணம் மாறினால் நிழல்களும் மாறும். எல்லா மாற்றமும் கண்டுபிடிப்பு ஆகிவிடாது. பொறுமை தேவைப்படுவது இங்கேதான்.

புதியவர்களுக்கு இன்னொன்று. இந்த சாப்ட்வேர்களை அவற்றின் சொந்த வெப்சைட்டில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். பக்கவாட்டில் மின்னும் 'டவுன்லோட்' விளம்பரங்களைக் கிளிக் செய்தால் வைரஸ்தான் வரும். கம்ப்யூட்டரில் ஓடும் ஸ்டெல்லேரியத்துக்குக் காசு கிடையாது. யாராவது சிடியில் போட்டு விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

நம் கடையில் என்ன இருக்கிறது?

மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் பாருங்கள். அதில் இஸ்ரோ இல்லை. நான் வேண்டுமென்று விடவில்லை. புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் "இதைத் திறந்து பாருங்கள்" என்று கூசாமல் சொல்லும்படி ஒன்றும் இல்லாததால்தான்.

இஸ்ரோவிடம் பிரதான் என்ற இணையதளம் இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் பியாலாலு என்ற ஊரில் இருக்கும் விண்வெளித் தகவல் மையம் நடத்துவது. சந்திரயான்-2, மங்கள்யான், ஆதித்யா எல்1 ஆகியவற்றின் தகவல்கள் அங்கே கிடைக்கின்றன. சந்திரயான்-3 தகவல்களும் 2024 ஆகஸ்ட் 23 அன்று, தேசிய விண்வெளி தினத்தில், திறந்துவிடப்பட்டன. காசு கிடையாது. இமெயில் கொடுத்துப் பெயர் பதிந்தால் போதும். நிலா வரைபடத்தில் இடத்தைக் குறித்துப் படங்களைத் தேடும் வசதியும் வந்துவிட்டது. இதற்காக இஸ்ரோவை மனமாரப் பாராட்டலாம்.

ஆனால் உள்ளே போனால்? எல்லாம் ஆங்கிலம். அதிலும் விஞ்ஞானிகளின் ஆங்கிலம். ஓஹெச்ஆர்சி படம் ஒன்றே ஒரு ஜிபி அளவுக்கு இருக்கிறது. டவுன்லோட் செய்து இரண்டு முறை கிளிக் செய்தால் திறக்காது. ஏனென்றால் அது நமக்குப் பழக்கமான ஜேபெக் படம் இல்லை. கிரக ஆராய்ச்சிக்கென்றே உள்ள தனி வடிவம். க்யூஜிஐஎஸ் போன்ற சாப்ட்வேரைப் போட்டு, அதைக் கற்றுக்கொண்டு, பிறகுதான் திறக்க வேண்டும். அதுவும் இலவசம்தான். ஆனால் போன மாதம் கம்ப்யூட்டர் வாங்கியவர் அதுவரை போவாரா? பாதி வழியில் மூடிவிட்டு மறுபடி சினிமாப் பாட்டுக்குப் போய்விடுவார்.

தகவலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. அது நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான்.

எதிர்த்துச் சொல்பவர்கள்

"விண்கலத்தைச் செய்த விஞ்ஞானிகள்தானே முதலில் பார்க்க வேண்டும்? பாடுபட்டவர்கள் இருக்க, வேறு யாரோ கண்டுபிடிப்பைத் தட்டிக்கொண்டு போகலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாசாவிலும் சில மாத அவகாசம் உண்டு. ஆனால் ஆராய்ச்சித் தகவல் வேறு, பார்க்கும் படம் வேறு. செவ்வாயில் இருக்கும் கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் ரோவர்கள் எடுக்கும் படங்கள் மெருகேற்றாமலேயே உடனுக்குடன் இன்டர்நெட்டுக்கு வருகின்றன. ஜூனோவில் உள்ள ஜூனோகேம் கேமராவின் படங்களை நிறம் கூட்டி மெருகேற்றுவதே பொதுமக்கள்தான். நீங்கள் பார்த்து வியந்த வியாழன் படங்களில் பல, எங்கோ ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாரானவை. அதனால் எந்த விஞ்ஞானியின் வேலையும் போகவில்லை.

"இஸ்ரோவுக்கு ராக்கெட் விடவே நேரம் போதவில்லை, சாப்ட்வேர் எழுதிக்கொண்டு இருப்பார்களா?" என்பது அடுத்த கேள்வி. அவர்கள் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஒவ்வொரு படத்தோடும் சின்ன அளவில் ஒரு ஜேபெக் படம், எந்த இடம், எந்தத் தேதி என்ற விவரம் இரண்டையும் பெயர் பதியாமல் பார்க்கும்படி கொடுத்தால் போதும். மீதியை நம் ஊர் இன்ஜினியரிங் மாணவர்கள் செய்துவிடுவார்கள். ஸ்டெல்லேரியமும் செலஸ்டியாவும் அப்படி ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்தவைதானே?

"பொதுமக்கள் கையில் கொடுத்தால் கண்டதையும் சொல்லி வதந்தி கிளப்புவார்கள்" என்பது மூன்றாவது. உண்மையில் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. சந்திரயான்-3 இறங்கியதும், ரோவரின் சக்கரம் நிலாவில் பதித்த அசோகச் சின்னம் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் குரூப் குரூப்பாகச் சுற்றியது. அது ஓர் ஓவியர் கம்ப்யூட்டரில் செய்த படம். ரோவரின் கேமரா எடுத்து இஸ்ரோ வெளியிட்ட படங்களோ கறுப்பு வெள்ளையில் இருந்தன. நிஜப் படங்களை ஒரே இடத்தில், தமிழில், சுலபமாகப் பார்க்க முடிந்திருந்தால் பத்தாம் வகுப்பு மாணவனே "இது டூப்பு" என்று சொல்லியிருப்பான். நிஜம் தாமதமாக வந்தால், போலி முந்திக்கொள்ளும்.

மதுரையில் என்ன செய்யலாம்?

சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, சந்திரயான்-2 திட்ட இயக்குநர் வனிதா, சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல். மூவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலா மண் மாதிரி தேவைப்பட்டபோது, நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களில் இருந்துதான் பாறை போனது. ஆளும் நம் ஆள், மண்ணும் நம் மண். அங்கிருந்து வந்த படம் மட்டும் நம் மொழியில் இல்லை என்றால் எப்படி?

இஸ்ரோ செய்யும்வரை நாம் சும்மா இருக்கவும் தேவையில்லை. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தால், தமிழ்நாட்டில் முதல் கம்ப்யூட்டர் வந்ததே பள்ளிப் பிள்ளையின் கையால்தான் என்ற வீடுகள் ஏராளம். அந்த லேப்டாப்கள் பழசாகிப் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. லினக்ஸ் போட்டு ஸ்டெல்லேரியம் நிறுவினால் பல இயந்திரங்கள் மறுபடி உயிர் பெறும். கிராஃபிக்ஸ் ரொம்பப் பழசாக இருந்தால் மட்டும் தடுமாறும்.

சந்திரயான்-3 கிளம்பிய மறுநாள், 2023 ஜூலை 15 அன்று, மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே இந்த சாப்ட்வேர்களைக் காட்ட ஏற்பாடு செய்யலாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு புரொஜெக்டர், விஷயம் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் போதும். மேலூரில் இருந்தும் அலங்காநல்லூரில் இருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஸ்டெல்லேரியத்தின் மொழிபெயர்ப்பை இன்டர்நெட் வழியாக யார் வேண்டுமானாலும் செய்து கொடுக்கலாம். கம்ப்யூட்டர் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் தமிழ்ப் பதிப்பை மெருகேற்றி, நல்ல தமிழில் ஒரு கையேடும் எழுதிவிடலாம். ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு வருடா வருடம் அதே லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டத்தை எழுதும் மாணவர்கள், பிரதான் தளத்தின் படங்களை எளிதாகப் பார்க்க ஒரு சின்ன சாப்ட்வேர் எழுதிப் பார்க்கட்டுமே! வேலைக்கான இன்டர்வியூவில் காட்டவும் அது நன்றாக இருக்கும்.

அடுத்த முறை

சந்திரயான்-4 திட்டத்துக்கும் வெள்ளிக் கிரகத்துக்கான ஆர்பிட்டர் திட்டத்துக்கும் 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சந்திரயான்-4, நிலாவின் மண்ணைப் பூமிக்கே எடுத்து வரப் போகும் திட்டம். அதற்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. சாப்ட்வேர் எழுத அது தாராளமான நேரம்.

அந்த விண்கலம் கிளம்பும் நாளில், அது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று இஸ்ரோவே கொடுத்த இலவச சாப்ட்வேரில், தமிழில், நம் வீட்டுத் திரையில் தெரிய வேண்டும். பியாலாலு ஆன்டெனா எந்த விண்கலத்தோடு பேசுகிறது என்று ஒரு பக்கம் வேண்டும். எடுத்த படம் பத்து நாளுக்குள் ஜேபெக்காக வர வேண்டும். இந்த மூன்றும் ராக்கெட் விடுவதைவிடக் கஷ்டமான வேலைகள் இல்லை.

2019-ல் தேடியவர் மதுரைக்காரர், தேடப்பட்டது இந்திய விண்கலம், படம் மட்டும் அமெரிக்காவுடையது. அடுத்த முறை படமும் நம்முடையதாக இருக்கட்டும். அதுவரை இந்த ஞாயிற்றுக்கிழமை, கேம்ஸுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு, ஸ்டெல்லேரியத்தை டவுன்லோட் செய்யுங்கள். ஊர் என்ற இடத்தில் மதுரையைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.